கவனமும் எழுத்தும் கைகூடாத குழந்தைகள்: அருமனையிலிருந்து நிபுணரைத் தேடும் வழி

தமிழ்நாட்டு மாவட்டங்களுள் எழுத்தறிவில் முதலிடம் வகிப்பது கன்னியாகுமரி மாவட்டம் என்பதை 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உறுதிசெய்தது. அம்மாவட்டத்தில் 7 வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறித்தவச் சமயத் தொண்டர்கள் ஊர்தோறும் தொடங்கிய பள்ளிகளும், திருவிதாங்கூர் அரசு நடத்திய பள்ளிகளும், பின்னர் எல்லாச் சமூகத்தாரும் போட்டியிட்டு எழுப்பிய கல்விக்கூடங்களும் சேர்ந்து உண்டாக்கிய பெருமை இது. ஆனால் படிப்பே குடும்பத்தின் மதிப்பாகிவிட்ட ஒரு மண்ணில் படிக்க இயலாத குழந்தையின் நிலை மற்ற இடங்களில் இருப்பதைவிடக் கடினமானது. எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கு ‘மண்டு’ என்ற பெயரும், இருந்த இடத்தில் இராத பிள்ளைக்கு ‘அடங்காதவன்’ என்ற பெயரும் முதலாம் வகுப்பிலேயே விழுந்துவிடுகின்றன. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் மருத்துவமும் கல்வியியலும் அறிந்த, உரிய உதவி அளிக்கத்தக்க இரண்டு குறைபாடுகள் இருக்கலாம் என்ற எண்ணம் வருவதற்குள் பல குடும்பங்களில் நான்கைந்து ஆண்டுகள் கடந்துவிடுகின்றன.

விளவங்கோடு வட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி, ரப்பர் தோட்டங்கள் சூழ அமைந்த அருமனை போன்ற ஒரு பேரூரிலிருந்து இத்தகைய குழந்தைக்குரிய நிபுணரைத் தேடிச் செல்லும் பெற்றோர் எங்கே தொடங்க வேண்டும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும், எதற்கு ஏமாறக் கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு குறைபாடுகள், ஒரே குழந்தை

முதலாவது, ஆங்கில முதலெழுத்துகளால் ஏ.டி.எச்.டி. என்று வழங்கும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு. கவனத்தை ஒரு வேலையில் நிறுத்துவது, உடலை அடக்கி உட்காருவது, தோன்றியதை உடனே செய்யாமல் பொறுப்பது ஆகிய மூன்று திறன்களுள் ஒன்றோ பலவோ வயதுக்கேற்ற அளவில் வளராமல், அதனால் அன்றாட வாழ்வு பாதிக்கப்படும் நிலையே இது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோயறி கையேடு, கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகளையும் மிகைச்செயல்பாட்டுக்கு 9 அறிகுறிகளையும் வரையறுத்து, இவற்றுள் ஏதேனும் ஒரு பட்டியலில் குறைந்தது 6 அறிகுறிகள் 6 மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும், அவற்றுட் பல 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு சூழல்களிலாவது காணப்பட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. பள்ளியில் மட்டும் அடங்காத குழந்தைக்கும், பண்டிகைக் காலத்தில் மட்டும் துள்ளும் குழந்தைக்கும் இப்பெயர் பொருந்தாது என்பதே அந்நிபந்தனையின் பொருள். உலக அளவில் குழந்தைகளுள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. துள்ளல் இல்லாமல் கவனம் மட்டும் சிதறும் வகையும் இதில் உண்டு. வகுப்பில் அமைதியாக அமர்ந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்குழந்தைகள் பலர் யார் கண்ணிலும் படாமல் போவதற்கு அதுவே காரணம்.

இரண்டாவது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. அறிவுத்திறன், பார்வை, செவித்திறன், கற்பிக்கும் வாய்ப்பு ஆகிய அனைத்தும் போதிய அளவில் இருந்தும், வாசித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ கைவராத நிலைக்கு இப்பெயர் வழங்குகிறது. வாசிப்பில் வரும் இடர் டிஸ்லெக்சியா எனவும், எழுதுவதில் வருவது டிஸ்கிராஃபியா எனவும், எண்களில் வருவது டிஸ்கால்குலியா எனவும் பெயர் பெறும். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், கூரிய அறிவு இருந்தும் வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். 1902இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவிற் குறையின்றியே தம்மை அடக்கிக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றி லண்டனில் சொற்பொழிவாற்றினார். நூறாண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட இந்நிலைகளை இக்காலக் கைபேசிகளின் விளைவு என்றோ, வளர்ப்பின் பிழை என்றோ கருதுவதற்கு இடமில்லை. இரண்டிலும் மரபுவழியின் பங்கு பெரிது என்பதை இரட்டையர்களையும் குடும்பங்களையும் பற்றிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ‘அப்பனும் இப்படித்தான் இருந்தான்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பல வேளைகளில் உண்மையாகவே இருக்கிறது.

இவ்விரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து வருவது அரிதன்று, ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளுள் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோருக்குக் கற்றல் குறைபாடும் இருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. நிபுணரைத் தேடும் வழியில் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கவனம் சிதறுவதால் படிக்கவில்லையா, படிக்க இயலாததால் கவனம் சிதறுகிறதா என்பதைப் பிரித்தறியாமல் ஒன்றுக்கு மட்டும் உதவி பெற்றால் மற்றொன்று அப்படியே நின்றுவிடும். மாத்திரை கவனத்தைக் கூட்டக்கூடும். ஆனால் எந்த மாத்திரையும் எழுத்துக் கூட்டக் கற்பிப்பதில்லை. சிறப்பாசிரியர் எழுத்துக் கூட்டக் கற்பிக்கலாம்; ஆனால் ஐந்து நிமிடம் உட்கார இயலாத குழந்தைக்கு அவருடைய உழைப்பு முழுப்பயன் தராது. ஆகவே இவ்விரு குறைபாடுகளும் உள்ள குழந்தைக்கு இருவகை உதவியும் ஒரே காலத்தில், ஒருவர் செய்வதை மற்றவர் அறிந்த நிலையில், கிடைக்க வேண்டும்.

எல்லைப்புற மொழியும் தமிழ் எழுத்தும்

அருமனைப் பகுதிக் குழந்தையை மதிப்பிடுவதில் எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம் வட்டங்களோடு விளவங்கோடும் தமிழகத்தோடு இணைந்தது. எனினும் அதன் மேற்குப் பகுதியில் தமிழும் மலையாளமும் வீட்டுப் பேச்சில் இன்றும் கலந்தே வழங்குகின்றன. வீட்டில் கலப்புப் பேச்சு, பள்ளியில் ஆங்கிலவழிக் கல்வி, இரண்டாம் மொழியாக எழுத்துத் தமிழ், சில பள்ளிகளில் மூன்றாவதாக மலையாளமோ இந்தியோ என்று ஒரு குழந்தை ஆறு வயதுக்குள் பல எழுத்து முறைகளைச் சந்திக்கிறது. புதிய மொழி பழகாததால் வரும் தடுமாற்றம் சில மாதப் பயிற்சியில் குறையும். கற்றல் குறைபாட்டால் வரும் தடுமாற்றம் குழந்தை கற்கும் எல்லா மொழிகளிலும் ஏதோ ஒரு வடிவில் தோன்றி, கூடுதல் பயிற்சிக்குப் பிறகும் நீடிக்கும். எனவே குழந்தையின் வாசிப்பை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து முடிவு சொல்லும் அறிக்கை இப்பகுதிக் குழந்தைக்குப் போதாது. வீட்டில் பேசப்படும் மொழி எது, எந்த மொழியில் எத்தனை ஆண்டு கற்பிக்கப்பட்டது என்பதை மதிப்பிடுபவர் கேட்டறிய வேண்டும், அவர் கேட்காவிட்டாலும் பெற்றோர் சொல்ல வேண்டும்.

தமிழ் எழுத்து முறைக்கும் தனக்கே உரிய இடர்கள் உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளும் ஒழுங்கான அமைப்பில் அடங்குவதால் ஆங்கிலத்தைவிடத் தமிழ் எளிது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் உயிரொலி மெய்யொலிக்குப் பின்னால் ஒலிக்க, அதன் குறி முன்னால் எழுதப்படுகிறது. ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. இவற்றில் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு சுழியளவே இருக்கிறது. ‘ண, ன, ந’, ‘ல, ள, ழ’, ‘ர, ற’ ஆகியவை ஒலியில் நெருங்கி நிற்கின்றன. ‘க’ என்ற ஓரெழுத்தே ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்னும் சொற்களில் மூன்று விதமாக ஒலிக்கிறது. மூன்றாம் வகுப்பு முடிந்த பிறகும் கொம்புகளை இடம் மாற்றுவதும், குறில் நெடிலைக் குழப்புவதும், புள்ளிகளை விடுவதும், சொல்லின் முதலெழுத்தை மட்டும் பார்த்து மீதியை ஊகித்து வாசிப்பதும் தொடருமானால், அவற்றைக் கவனமின்மை என்று ஒதுக்காமல் குறித்துவைப்பது ஆசிரியரின் கடமை.

நிபுணர் என்பவர் யார்

‘நல்ல டாக்டர்’ ஒருவரைக் கண்டுபிடித்தால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கையோடு புறப்படும் பெற்றோர் முதலில் அறிய வேண்டியது, இக்குறைபாடுகளுக்கு ஒரே நிபுணர் இல்லை என்பதுதான். குழந்தை மருத்துவர் உடல்வழிக் காரணங்களை ஆராய்பவர். பார்வைக் குறை, செவித்திறன் குறை, இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, அடினாய்டு வீக்கத்தால் கெடும் தூக்கம், சில நொடிகள் வெறித்துப் பார்க்கச் செய்யும் ஒருவகை வலிப்பு ஆகியவை கவனக்குறைவைப் போலவே தோன்றக்கூடும் என்பதால் இந்தப் படியைத் தாண்டிச் செல்லக் கூடாது. குழந்தை வளர்ச்சியில் மேற்பயிற்சி பெற்ற குழந்தை மருத்துவரோ, உளமருத்துவரோ ஏ.டி.எச்.டி. இருப்பதை உறுதிசெய்து, தேவையானால் மருந்து தருவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுபவர் அல்லர். அறிவுத்திறன் சோதனை, கற்றல் திறன் சோதனை, நடத்தை மதிப்பீடு ஆகியவற்றை நடத்தி அறிக்கை தருபவர், பெற்றோர்க்கு நடத்தைப் பயிற்சி அளிப்பவரும் அவரே. சிறப்பாசிரியர் குழந்தைக்கு வாரந்தோறும் வாசிப்பையும் எழுத்தையும் கணக்கையும் தனிமுறையில் கற்பிப்பவர். எழுதுகோலைப் பிடிப்பதும் கை ஒருங்கிணைவதும் கடினமான குழந்தைக்குச் செயல்வழிச் சிகிச்சையாளரும், பேச்சும் மொழியும் தாமதமான குழந்தைக்குப் பேச்சுச் சிகிச்சையாளரும் தேவைப்படுவர்.

இவர்களுள் மருத்துவ உளவியலாளரும் சிறப்பாசிரியரும் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவர்களாக இருத்தல் வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பாகாது. அறிக்கையின் அடியில் கையொப்பத்தோடு அந்த எண்ணும் இருந்தால்தான் பள்ளியும் சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழுவும் அதற்கு மதிப்பளிக்கும். சில வாரப் பயிற்சிச் சான்றிதழை மாட்டிவைத்துக்கொண்டு சிகிச்சை மையம் நடத்துவோரிடமிருந்து குடும்பத்தைக் காப்பதும் அந்த எண்ணே.

அருமனையிலிருந்து செல்லும் வழி

நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஏறத்தாழ இடைப்பட்ட தொலைவில் அருமனை இருப்பதால், இப்பகுதிக் குடும்பங்களுக்குத் தமிழகத்தின் பிற சிற்றூர்களுக்கு வாய்க்காத ஒரு வசதி உண்டு. எனினும் முதற்படி இரண்டு நகரங்களிலும் இல்லை. அது குழந்தையின் வகுப்பறையில் இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இயங்குகிறது. அங்குள்ள சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்குச் சென்று மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கு உதவுகின்றனர், மருத்துவ மதிப்பீட்டு முகாம்களுக்கும் ஏற்பாடு செய்கின்றனர். அகஸ்தீஸ்வரம் முதல் மேல்புறம் வரை 9 ஒன்றியங்கள் கொண்ட கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்தப் பெற்றோருக்கும் இம்மையம் எட்டாத தொலைவில் இல்லை. ஆசிரியர்கள் முதல்நிலைக் கணிப்பைச் செய்வதற்குத் தமிழகப் பள்ளிக்கல்வித் துறை ‘நலம் நாடி’ என்ற செயலியையும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்துள்ளது. கணிப்பு என்பது முடிவு அன்று. மேற்கொண்டு மதிப்பீடு தேவையா என்பதை அறியும் சல்லடை மட்டுமே.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் இரண்டாவது வாயில். பிறவிக் குறைகள், சத்துக் குறைகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என்ற நான்கு பிரிவுகளில் பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்கும் இத்திட்டத்தின் பட்டியலில் கற்றல் குறைபாடும் ஏ.டி.எச்.டி.யும் இடம்பெற்றுள்ளன. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசு, அரசு உதவிபெறும் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் வந்து பார்த்து, தேவைப்படும் குழந்தையை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. இவ்விரு வாயில்களும் முதன்மையாக அரசு, உதவிபெறும் பள்ளிகளை நோக்கியவை என்பதால், தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளில் பயிலும் பெருந்தொகையான குழந்தைகள் எந்தக் கணிப்புக்கும் உட்படாமல் உயர்வகுப்புகளை எட்டிவிடுகின்றனர். கட்டணம் செலுத்தும் பெற்றோர் தம் பள்ளியிடம் சிறப்பாசிரியர் இருக்கிறாரா என்று கேட்பதும், இல்லையென்றால் பிள்ளையைத் தாமே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் இன்றியமையாதவை.

மருத்துவ மதிப்பீட்டுக்குக் குழித்துறையிலும் பத்மநாபபுரத்திலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை மருத்துவமும் உளமருத்துவமும் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. அருகிலுள்ள குலசேகரத்தில் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றும் இருக்கிறது. எல்லைக்கு அப்பால், திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் கேரள அரசின் குழந்தை வளர்ச்சி மையம் இத்தகைய வளர்ச்சிக் குறைபாடுகளுக்கென அமைந்த சிறப்பு நிறுவனமாகச் செயல்படுகிறது. ஆக்குளத்தில் உள்ள தேசியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் பேச்சு, மொழித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு உதவுகிறது. மலையாளம் பழகிய அருமனைக் குடும்பத்துக்கு அங்குப் பேசுவதில் தடையில்லை. ஆனால் தமிழ் வாசிப்பை அங்கே சோதிப்பது எளிதன்று என்பதால், குழந்தை தமிழில் கற்கிறதென்றால் அதற்குரிய சோதனையைத் தமிழகத்தில் செய்துகொள்வது நல்லது. தொலைவு இடங்கொடுத்தால் சென்னை முட்டுக்காட்டில் 2005இல் அமைந்த பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், 1991இல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கமும், பெங்களூருவின் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனமும் உள்ளன. மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் குழந்தைகளுக்குக் கற்பிப்பதோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளிப்பதால், ஓர் ஊர்ப்பள்ளி தன் ஆசிரியர் ஒருவரையேனும் அத்தகைய பயிற்சிக்கு அனுப்பினால் அவ்வூரின் பல தலைமுறைக் குழந்தைகள் பயன் பெறுவர்.

விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குச் செல்லும் தந்தைக்கும், கணவர் வளைகுடா நாட்டில் இருக்க வீட்டைத் தனியே நடத்தும் தாய்க்கும் ஒவ்வொரு மருத்துவமனைப் பயணமும் ஒருநாள் கூலியையோ ஒருநாள் நிம்மதியையோ விழுங்கக்கூடியது. அதனால் முதற்பயணத்துக்கு முன்பே குழந்தையின் பிறப்பு, வளர்ச்சி பற்றிய குறிப்புகள், கண், காது பரிசோதனை முடிவுகள், கடந்த இரண்டாண்டு மதிப்பெண் பட்டியல்கள், எழுத்துப் பிழைகள் நிறைந்த குறிப்பேடுகள், வகுப்பாசிரியர் எழுதிய கடிதம் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்துக்கொள்வது பாதிப் பயணங்களை மிச்சப்படுத்தும். 2022 அக்டோபர் முதல் இயங்கும் 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசி, எங்கே செல்வது என்று கேட்டறியவும் முடியும்.

மதிப்பீடும் சிகிச்சையும்

ஏ.டி.எச்.டி.யை இரத்தப் பரிசோதனையோ தலை ஸ்கேனோ காட்டித் தராது. பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியே நிரப்பும் அளவுகோல் படிவங்கள், குழந்தையோடு நடத்தும் உரையாடல், பிற காரணங்களை விலக்கும் பரிசோதனை ஆகிய மூன்றும் சேர்ந்தே அம்முடிவைத் தருகின்றன. கற்றல் குறைபாட்டுக்கு, மாலின் அளவுகோல், பினே காமத் சோதனை போன்ற அறிவுத்திறன் சோதனையோடு, நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுதியும் இந்தியாவில் பரவலாகப் பயன்படுகிறது. இச்சோதனைகள் பல மணி நேரம் எடுப்பவை. பத்து நிமிடப் பேச்சில் முடிவு சொல்பவரின் அறிக்கையை ஏற்பதற்கில்லை. சோதனைகளின் பெயர், நாள், கிடைத்த அளவுகள், முடிவு, வீட்டிலும் பள்ளியிலும் செய்ய வேண்டியவை ஆகிய ஐந்தும் அறிக்கையில் இருக்க வேண்டும். இறுதியாகச் சொன்னது இல்லாத அறிக்கை குழந்தைக்குப் பெயர் சூட்டுமேயன்றி வழி காட்டாது.

ஏ.டி.எச்.டி.க்கு மருந்து என்றதும் பெற்றோர் அஞ்சுவது இயல்பு. 1944இல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்ட மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்ட ஒன்று. பசி குறைதல், தூக்கம் தள்ளிப்போதல் ஆகியவை அதன் பொதுவான பக்கவிளைவுகள் என்பதால் எடை, உயரம், நாடித்துடிப்பு ஆகியவற்றை மருத்துவர் கண்காணிப்பார். இந்தியாவில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் இம்மருந்து இருப்பதால் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்காது. எங்கே கிடைக்கும் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்வது அலைச்சலைத் தவிர்க்கும். இது ஒத்துவராதவர்களுக்கு அட்டமாக்செட்டின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. அமெரிக்காவில் 579 குழந்தைகளை 14 மாதம் தொடர்ந்து ஆராய்ந்து 1999இல் முடிவு வெளியிட்ட பெரும் ஆய்வு, கவனக்குறைவு, மிகைச்செயல்பாடு ஆகிய அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில் முறையாகக் கண்காணித்துத் தரப்படும் மருந்து நடத்தைப் பயிற்சியைவிடச் சிறந்தது என்றும், இரண்டையும் சேர்த்துத் தருவது குடும்ப உறவு உள்ளிட்ட பிற துறைகளில் கூடுதல் நன்மை தரக்கூடும் என்றும் கண்டது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலில் பெற்றோர்ப் பயிற்சியே பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, நல்ல செயலுக்கு அந்த நொடியிலேயே பாராட்டு, மாறாத அன்றாட ஒழுங்கு, முன்வரிசை இருக்கை, பாட நடுவே எழுந்து நடக்க வாய்ப்பு ஆகியவை செலவில்லாதவை, எந்தப் பள்ளியும் மறுக்கக் கூடாதவை.

கற்றல் குறைபாட்டுக்கு மருந்து கிடையாது. கற்பிக்கும் முறையே மருந்து. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் கல்வியாளர் அன்னா கில்லிங்ஹாமும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வகுத்த பல்புலன் முறை, எழுத்தைக் கண்ணால் பார்த்து, ஒலியை வாயால் சொல்லி, வடிவை விரலால் வரைந்து ஒருசேரக் கற்கச் செய்வது. மணலில் விரலால் எழுதப் பழக்கிய நம் திண்ணைப் பள்ளிகளின் வழக்கத்தில் இதன் ஒரு கூறு ஏற்கனவே இருந்தது. குழப்பும் எழுத்துகளை ஒன்றாகக் கற்பிக்காமல் இடைவெளி விட்டுக் கற்பிப்பதும், கொம்புக்கும் காலுக்கும் தனி நிறம் கொடுப்பதும், ஓர் ஒலி உறுதிப்பட்ட பிறகே அடுத்ததற்குச் செல்வதும் தமிழுக்கு ஏற்ற உத்திகள். வகுப்பில் நடத்திய பாடத்தை அதே முறையில் மாலையில் மேலும் இரண்டு மணி நேரம் நடத்தும் டியூஷன் இதற்கு ஈடாகாது. அது குழந்தையின் விளையாட்டு நேரத்தைப் பறித்து, படிப்பின் மீதான வெறுப்பை வளர்க்கவே உதவும்.

சட்டமும் சான்றிதழும்

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அங்கீகரித்த 7 வகைகளில் கற்றல் குறைபாட்டுக்கு இடமில்லை. 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதனை 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. கற்றல் குறைபாட்டை மிக விரைவில் கண்டறிந்து உரிய கற்பித்தல் முறைகளை மேற்கொள்வதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாகவும் அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு ஆக்கியது. ஏ.டி.எச்.டி. தனியே அந்தப் பட்டியலில் இல்லை என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். இரண்டும் உள்ள குழந்தை கற்றல் குறைபாட்டின் பெயரிலேயே சட்டச் சலுகைகளைப் பெற முடியும்.

2018இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிகள், 8 வயது நிறைந்த குழந்தைக்கே கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வழங்கலாம், 14 வயதிலும் 18 வயதிலும் மீண்டும் மதிப்பிட வேண்டும் என்று வகுத்தன; இந்நெறிகள் 2024இல் திருத்தப்பட்டிருப்பதால் விண்ணப்பிக்கும்போது நடைமுறையில் உள்ள விதியை மருத்துவக் குழுவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்றவருக்கு உயர்கல்வியிலும் அரசு வேலையிலும் இடஒதுக்கீட்டு உரிமை உண்டு. கேரளத்தில் மதிப்பீடு செய்துகொண்ட குடும்பமும் தான் வசிக்கும் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே சான்றிதழுக்கும் மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பிப்பது நடைமுறையில் எளிது; நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இதற்கு வழிகாட்டும்.

தமிழக அரசுப் பொதுத்தேர்வுகளில் இக்குழந்தைகளுக்கு மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிய சலுகைகள் உண்டு. தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது விண்ணப்பித்து ஏமாறாமல், ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியர் வழியாக ஆவணங்களைத் தயார்செய்ய வேண்டும். பள்ளி முறையே ஒத்துவராத மாணவருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, ஐந்தாண்டுக் காலத்துக்குள் பாடங்களைப் பிரித்துப் பிரித்துத் தேர்வெழுதும் வாய்ப்பை அளிக்கிறது. கையால் எழுத இயலாத தேர்வர் ஒருவர் தொடுத்த விகாஸ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சொல்வதை எழுதுபவரைப் பெறும் உரிமையை 40 விழுக்காடு என்ற எல்லைக்குள் அடக்கிவிடக் கூடாது என்று கூறியது. அதே ஆண்டு நவம்பரில் டிஸ்கிராஃபியா உள்ள மருத்துவ நுழைவுத்தேர்வு மாணவி அவ்னி பிரகாஷின் வழக்கில், அவருக்கு உரிய கூடுதல் நேரத்தை மறுத்தது தவறு என்று தீர்ப்பளித்தது. கூடுதல் நேரம் கேட்பது பிச்சை கேட்பது அன்று என்பதை இத்தீர்ப்புகள் நிலைநாட்டிவிட்டன.

சான்றிதழ் தேவையானதுதான், ஆனால் அதுவே உதவியாகிவிடாது. எட்டு வயதில்தான் சான்றிதழ் என்ற விதியைக் காரணம் காட்டி அதுவரை உதவியைத் தள்ளிப்போடுவது பெரும் பிழை. ஐந்து வயதில் எழுத்தொலிகளைப் பிரித்தறியத் திணறும் குழந்தைக்குக் கற்பிக்கும் முறையை மாற்ற எந்த அரசாணையும் தேவையில்லை. திருஷ்டி கழிப்பதும், கயிறு கட்டுவதும், வேண்டுதல் வைப்பதும் குடும்பத்துக்கு ஆறுதல் தரலாம். அவை மதிப்பீட்டுக்குச் செல்லும் நாளைத் தள்ளிப்போடக் கூடாது. ‘முழுக் குணம்’ என்று உறுதி கூறுவோரையும், பல மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குவோரையும், எழுத்தில் அறிக்கை தர மறுப்போரையும் விட்டு விலகுவதே அறிவுடைமை. அடியும் வசையும் இக்குறைபாடுகளில் எதையும் குறைத்ததில்லை. அவை குழந்தையின் தன்மதிப்பை அழித்து, பதின்பருவத்தில் மனச்சோர்வுக்கும் பள்ளி இடைநிற்றலுக்கும் வழிவகுக்கின்றன.

எழுத்தறிவில் மாநிலத்துக்கே வழிகாட்டிய ஒரு மாவட்டம், எழுத்து எளிதில் வசப்படாத குழந்தைகளுக்கும் வழிகாட்டும் கடமையுடையது. அருமனையிலும் அதன் சுற்றூர்களிலும் உள்ள ஒவ்வொரு பள்ளியும், அரசுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும், கணிப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரையேனும் கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பெற்றோரும் இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் தம் குழந்தை வாசிப்பதை ஒருமுறை அருகிலமர்ந்து கேட்க வேண்டும். ஐயம் எழுந்தால் அடுத்த தேர்வு வரை காத்திராமல் அந்த வாரமே வகுப்பாசிரியரையும் வட்டார வள மையத்தையும் அணுகுங்கள். ஆறு வயதில் தொடங்கும் உதவி பதினான்கு வயதில் தொடங்கும் உதவியைவிட எளிதாகவும் விரைவாகவும் பலன் தருகிறது.